பனிமூட்டத்தில் கேட்ட குரல்

அன்புள்ள அம்மாவுக்கு, தாரணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

நேற்று இங்கே, கொல்லிமலைப் பள்ளியில், ஒன்றாம் வகுப்புக்கு வானிலைச் சொற்கள் நடத்தினேன். மழை, வெயில், காற்று என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். "பனிமூட்டம்" என்றபோது நிஜமாகவே மூட்டம் வந்து வாசலை மறைத்தது. பிள்ளைகள் சொல்லி முடித்ததும் வெளியிலிருந்து ஒரு குரல் தனியாக, "பனிமூட்டம்" என்றது. அம்மா, அது உங்கள் குரல்.

வாசலுக்கு ஓடினேன். முதல் பெஞ்சில் இருக்கும் பூங்குழலி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க டீச்சர். மூட்டத்துக்குள்ள நம்ம ஆளுங்க மாதிரியே கூப்புடுமுங்க."

மூட்டம் விலகியதும் பார்த்தேன். குரல் வந்த பக்கம் வெறும் பள்ளத்தாக்கு. எதிரொலியாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

ஸ்வெட்டரும் எலுமிச்சை ஊறுகாயும் அனுப்புங்கள். ஊருக்கு வரும் சுரேந்தர் சாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்; பஸ் வந்துவிட்டது. படித்ததும் கூப்பிடுங்கள். நேற்றிலிருந்து நீங்கள் போனை எடுக்கவே இல்லை.

தாரணி