உங்கள் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கொழுந்தன் மனைவி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் மகனும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று காலைகூட வேண்டிக்கொண்டேன். உங்களைப் பற்றி இன்னொன்றும் வேண்டிக்கொள்வதுண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. மழை, பேரனுக்கு முளைத்த பல், மருமகள் அள்ளிப் போடும் உப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். கடைசியில்தான் என் மகள் கல்யாணம் வந்தது. உடம்பு பஸ் பயணத்தைத் தாங்காது, வர முடியாது என்று ஒரே வரி. அதற்கும் கீழே, கையெழுத்துப் போட்டபிறகு, இடம் இல்லாத இடத்தில் நெருக்கி இன்னொரு வரி. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்படுகிறாள், உனக்கு அப்போது என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்டு.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். கடையில் பொட்டலம் கட்டித் தந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தே எழுத்துக் கற்றவள். ஆனாலும் இரண்டு வரியைச் சேர்த்துப் படிக்க எனக்குத் தெரியும் அக்கா.

பாவம் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா. அவர் எப்படியிருப்பார் என்று நானே சொல்கிறேன், சரியா பாருங்கள். வெளியே போவதென்றால், ஈரம் தெரியாமலிருக்க, கறுப்பு நிறத்தில்தான் உடுத்துவார். யாராவது சிரிப்புக் கதை சொன்னால் எழுந்து போய்விடுவார். போன வாரம் உங்கள் மகன் அவன் சித்தப்பாவிடம் போனில் புலம்பினான். "அம்மா எங்க கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாங்க சித்தப்பா. மத்தியானம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி கிடையாது. கேட்டா விரதம்ங்கிறாங்க" என்றான். பக்கத்து வீட்டு அம்மாளும் விரதம்தானோ என்னவோ.

நான் மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா? வீட்டுக் கணக்கில் ஒரு காசு குறைந்தால் படுக்கப் போகாதவள் நான். உங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நீங்கள் "இரு இரு" என்று ஓடினீர்கள். நம் மாமியார் படுக்கையாய்க் கிடந்தபோது வாங்கிய ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து அத்தனை பேர் முன்னால் சோபாவில் விரித்தீர்கள். "தப்பா எடுத்துக்காதீங்க, இவ ஒரு ஒழுகுற குடம். சோபா புதுசு பாருங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

நான் அதன் மேல் உட்கார்ந்தேன். மூச்சு விடும்போதெல்லாம் ரப்பர் கிறீச்சிட்டது. போகும்போது அதைச் சுருட்டி என் பையில் வைத்துக்கொண்டேன். நீங்கள் வீடு முழுக்கத் தேடியதாகக் கேள்வி. என்னிடம்தான் இருக்கிறது. அன்றிலிருந்து உங்கள் வீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன், நின்றுகொண்டே பேசினேன். நீங்கள் கவனிக்கவே இல்லை.

தினமும் கண்ணை மூடியதும் நான் வேண்டிக்கொண்டது இதுதான்: இந்த ஒழுகல் அக்காவுக்கும் வரட்டும். பக்திக்காரி இப்படிக் கேட்கலாமா என்று கேட்பீர்கள். வேறெதையோ மனதில் வைத்துக்கொண்டு ஆண்டவனிடம் நல்லவள் வேஷம் போட எனக்கு வராது.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் தெரு கிளினிக்குக்கு நான் போனது பிரஷர் பார்க்க. நாற்பது தாண்டிய பெண்கள் எல்லோரிடமும் நர்ஸம்மா அந்தக் கேள்வியைக் கேட்பார். முன்பெல்லாம் கூடத்து பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்துக் கேட்டார். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எல்லோரும் இல்லை என்றோம். பிறகு அவருக்கு யோசனை வந்து, உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது கேட்கத் தொடங்கினார். எழுந்து ஓட முடியாதே! "தும்மினா, இருமினா நனையுதாம்மா? பாத்ரூம் போறதுக்குள்ள வந்துடுதா? எல்லாரையும் கேக்கறதுதான்" என்றார். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருப்பதுதானே என்றேன். "இருக்கறதுதான். அதுக்காக இருந்துட்டுப் போகட்டும்னு விடணுமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் பிரஷர் எகிறி, சிரித்துக்கொண்டே மறுபடி பார்த்தார்.

சிறுநீரைச் சோதித்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் அவசரப்படுத்தும் என்றார்கள். நான் வருஷக்கணக்காகச் செய்த முட்டாள்தனம் அது. அடிவயிற்றுக்குக் கீழே உள்ள தசையை இறுக்கிப் பிடித்து விடச் சொல்லித் தந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்கிக்கொண்டிருந்தேன், அதைத் திருத்தினார்கள். சில மாதத்தில் தும்மலுக்குப் பயப்படாதவளானேன்.

ஆனால் இருமினால் கசிவது வேறு, அவசரமாக முட்டிக்கொண்டு வருவது வேறாம். வைத்தியமும் வேறு வேறு. எனக்குச் செய்ததை அவருக்குக் கடிதத்தில் மடித்து அனுப்ப முடியாது. அவரே போய், கேட்கும்போது, தன் வாயால் ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

அங்கேதான் சிக்கல். உங்கள் ஊர் கிளினிக்கிலும் கேட்டார்களாமே? திரைக்கு வெளியே நின்ற உங்கள் மகன் காதில் விழுந்து, அதையும் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறான். "சீ, என்ன கேள்வி இது! நான் என்ன ஒழுகுற குடமா?" என்றீர்களாம். அவனுக்கு அந்தச் சொல்லின் கதை தெரியாது. எனக்கு இனித்தது அக்கா. அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கல்யாணத்தில் பெரியம்மாவான உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறேன். ரப்பர் விரிப்பைக் கழுவி, பவுடர் தூவி, மடித்து வைத்திருக்கிறேன். நர்ஸிடம் ஆமாம் என்று சொன்னபிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பக்கத்து வீட்டு அம்மா என்று எழுதினால் கிழித்துப்போடுவேன். 'எனக்கு' என்று எழுதுங்கள். நாற்காலியில் ரப்பரை விரிப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

பஸ் எங்கெங்கே நிற்கும், எங்கே கழிப்பறை சுத்தம் என்று டிரைவரிடமே விசாரித்து வைத்துவிட்டேன். இறங்கும் வாசலுக்கு அருகிலேயே இடம் கேட்டிருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் வராமல் போய்விட்டால், இத்தனை வருஷத்துக் கோபத்தை நான் யாரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பேன்?

வேளாவேளைக்குத் தண்ணீர் குடியுங்கள். ஆண்டவன் உங்கள் வாயைத் திறக்கட்டும்.

நீங்கள் வந்து உட்காரும்வரை நின்றுகொண்டிருக்கும்,
உங்கள் கொழுந்தன் மனைவி