ஒரே முகவரியில் இரண்டு லெட்சுமிகள்

அடுப்புப் புகை ஏறிய காகிதத்தின் வாசம் உனக்குத் தெரியும். இன்று காலை லெட்சுமியம்மா ஒரு பொலித்தீன் பையை என் மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்ததும் அறை முழுக்க அதே வாசம். பாதி எரிந்த கிளினிக் கார்டு, ஓரம் கருகிய கல்யாணப் படம். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் அவர் குடியிருந்த லயம் எரிந்தபோது மிஞ்சியது அவ்வளவுதான். ஹட்டனில் உன் போட்டோகொப்பிக் கடையும் எப்போதும் இப்படித்தான் மணக்கும்.

பிரதி எடுக்க வருகிறவர்களின் காகிதங்களை ஸ்கேன் செய்து உன் கணினியிலும் ஒன்று வைத்துக்கொள்வாய். “கூர ஒழுகும், லயம் எரியும், எலி திங்கும். எங்கிட்ட ஒண்ணு கெடக்கட்டும்டி” என்பாய். கோப்புகளுக்கு நீ வைத்த பெயர்களைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறேன். கோழி லெட்சுமி. மூக்குத்தி லெட்சுமி. ரெண்டு பேரும் ராமசாமி மகள்கள். ஆனால் வேறு வேறு ராமசாமி. “ஒழுங்கா நம்பர் போட்டு வையேன்” என்றேன். “நம்பரு போட்டா மூஞ்சி ஞாபகம் வராது” என்றாய்.

நீ கண்ணை மூடி ஒன்றரை வருடமாகிறது. உன் தம்பி அந்தக் கணினியை என்னிடம் தந்து, “நீங்களே வச்சுக்கங்கக்கா, எங்களுக்கு ஒண்ணும் புரியல” என்றான். அது உயிரை விட்டுக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் என் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டுப் பழையதைக் கழிவுக்குப் போட்டேன். இன்னொரு பிரதி எடுக்கவில்லை. பிரதி எடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவளின் பொருளுக்கு ஒரு பிரதி எடுக்கத் தோன்றவில்லை எனக்கு.

என் வேலை உனக்கு எப்போதும் வேடிக்கைதான். கொழும்பு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி மென்பொருள் வழிகாட்டி எழுதுகிறவள் நான். போன மாதம் வந்தது, கோப்புகளை அழிக்கும் கருவி ஒன்று. அதை இயக்குவது மனிதர் இல்லை. சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட். என் வழிகாட்டியைப் படிப்பதும் அதுதான். எப்போது அழிக்கலாம் என்ற பகுதியில் இப்படி எழுதினேன்: பெயர், தகப்பன் பெயர், முகவரி மூன்றும் ஒன்றானால் இரட்டைப் பிரதி எனக் கொண்டு ஒன்றை நீக்கலாம். கீழே, நீக்கியதை மீட்க முடியாது என்று எச்சரிக்கையும் போட்டேன். எச்சரிக்கையைப் படித்துப் பயப்பட ஓர் ஆள் வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க உன் கோப்புகள் மீதே அதை ஓடவிட்டேன். அது சொன்னபடி செய்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் தோட்டத்து டிவிஷனில் எல்லாருக்கும் ஒரே முகவரி என்பது அதற்குத் தெரியாது. வீட்டுக்கு நம்பர் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. தோட்டத்துப் பெயரும் டிவிஷனும் எழுதினால் போதும், கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்துவிடும். எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகும்வரை எனக்கும் அதே முகவரிதான். வேறு யாராவது எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். எழுதியது நான்.

மூக்குத்தி லெட்சுமியின் கோப்பு இருக்கிறது. இன்று வந்தவர் கோழி லெட்சுமி, கோப்பு போனவர். அடையாள அட்டை எரிந்துவிட்டது. புதிதாக எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதுவும் எரிந்துவிட்டது. பதிவு நம்பராவது தெரிந்தால்தான் பதிவாளர் கந்தோரில் தேடித் தருவார்களாம்.

“அந்தப் புள்ள பத்திரமா வச்சிருக்கேன்னு சொன்னிச்சிங்க. ஒங்ககிட்டதான் இருக்குன்னு தம்பி சொன்னாரு” என்றார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே, “தேடிப் பாக்குறேன்மா” என்றேன். தேட அங்கே ஒன்றும் இல்லை. “ஞாயித்துக்கெழம வாரேன். அவசரம் இல்ல புள்ள” என்று பையை முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்தேன்: ஒரே முகவரியில் நூறு குடும்பம் இருக்கலாம், அழிக்குமுன் மனிதரிடம் கேட்கவும். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: இது அபூர்வமான நிலை, வழிகாட்டியில் தேவையில்லை. நாம் பிறந்து வளர்ந்தது அபூர்வமான நிலையாம். அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. போட்டு ஜெயித்தாலும் அந்தச் சான்றிதழ் வரப்போவதில்லை.

அழித்தவற்றின் பட்டியலை மட்டும் அந்த ஏஜென்ட் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது, நீ வைத்த பெயர்களிலேயே. கோழி லெட்சுமி. சிரிப்பு முனியாண்டி. மலையேறி மாரியாயி. அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நீ சொன்னது சரிதான், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூஞ்சி வருகிறது. அவர்களில் யாருக்கும் இன்னும் எதுவும் தெரியாது. கூரை ஒழுகினாலும் கவலைப்படாமல் இருக்கிறார்கள், உன்னிடம் ஒன்று கிடக்கிறது என்று.