நாலாயிரம் புள்ளிக்கு எத்தனை இரவு

அம்பிட்டிய, கண்டி
11.03.2001

அன்பு மகள் தர்மினிக்குச் சித்தப்பா எழுதுறன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் அந்தக் கனடாக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேணும் என்று அம்மா விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கும்பிடுறா. அவவின் பிரஷர் அடங்கியிருக்கு, முழங்கால் நோ மட்டும் விடேல்லை. மழை இல்லை, கிணறு இறங்கிப்போச்சு. இனி உன் அலுவலுக்கு வாறன். உனக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம் என்றாலும் அண்ணன் போன பிறகு உன்னை வளர்த்தவன் நான், அந்த உரிமையில் பச்சையாய் எழுதுறன், கோவிக்காதே.

விடுமுறைக்குத் தங்கப் புள்ளி விற்கிற கொம்பனியின் படப்புத்தகமும் ஒப்பந்தத்தின் பிரதியும் நீ அனுப்பினது கிடைச்சது. காலைச் சாப்பாடும் பாண் வாட்டுற ரோஸ்ரர் ஒன்றும் சும்மா தாறம் என்று கூப்பிட்டவன் பின்னேரம் வரைக்கும் உன்னைக் கதிரையால் எழும்ப விடேல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் பிடிச்சிட்டுது. நல்ல சாமான் வைச்சிருக்கிறவன் ஆளை மறிச்சு வைச்சு விற்கமாட்டான். ஒன்பதாயிரம் டொலர் கட்டினால் வருசம் நாலாயிரம் புள்ளி, அந்தப் புள்ளிக்கு ஹோட்டலில் தங்கலாம், திரும்பவும் கலவரம் வந்தால் அம்மாவும் சித்தப்பாவும் போயிருக்க ஓர் இடம் இருக்கும் என்று நீ நினைச்சது விளங்குது. அதுக்காக வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காணியை விற்றுக் காசு அனுப்பட்டாம், அம்மா காணி உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கட்டாம். அவவின் பேரில் இருக்கிறது அந்தக் காணி ஒன்றுதான் என்று உனக்குத் தெரியாதா?

நான் ரெலிபோன் திருத்துகிறவன், சோதிச்சுப் பார்க்காமல் ஒரு வயரையும் வெட்டமாட்டன். உன் புத்தகத்தில் எங்கட நாட்டுக்கு ஒரேயொரு ஹோட்டல்தான் போட்டிருக்கு. படத்தைப் பார்த்தால் எங்கட முன்வாசலில் நிற்க எதிர்மலையில் தெரியுதே, அதே ஹோட்டல். கண்டி எரிஞ்சால் அங்கேயிருந்து நல்லாப் பார்க்கலாம். போன கிழமை அங்கே ரெலிபோன் பழுது என்று வர, வேறு ஆளை விடாமல் நானே போனன். வரவேற்பு மேசையில் ஷிராஸ் என்று ஒரு தம்பி. வேலை முடிய அவரிடம் புத்தகத்தை விரிச்சுக் காட்டினன். இந்தப் புள்ளி வாங்கினது உங்கட எதிரியா, அண்ணன், என்று சிரிச்சுக்கொண்டு கேட்டார். மகள் என்றன். சிரிப்பை நிற்பாட்டிப்போட்டு விபரம் சொன்னார். ஓர் இரவுக்கு ஆயிரம் புள்ளியாம், பெரஹராத் திருவிழாவுக்கும் டிசம்பருக்கும் அறை இல்லையாம், மற்ற நாளுக்கும் மூன்று மாதத்துக்கு முன்னமே எழுதிக் கேட்கவேணுமாம். அப்ப உன் நாலாயிரம் புள்ளிக்கு வருசத்தில் நாலு இரவு. அதுக்குப் பராமரிப்பு என்று நீ வருசாவருசம் நானூற்றெண்பது டொலர் கட்டவேணும், இரவுக்கு நூற்றிருபது விழுது. வாசலால் நடந்துபோய்க் கேட்டால் அதே அறையை நாற்பது டொலருக்குரிய எங்கட ரூபாய்க்குக் குடுக்கிறாங்கள். அந்த ஒன்பதாயிரத்தை மறந்தாலும் வருசம் முன்னூற்றிருபது டொலர் நட்டம். இதுதான் பிள்ளை உன் புள்ளியின் பெறுமதி. முழுக்காசும் கட்டினாப் பிறகு வேண்டாம் என்று திருப்பிக் குடுக்கவும் ஏலாது, உனக்குப் பிறகு உன் பிள்ளைகள் கட்டவேணும் என்று அதிலேயே எழுதியிருக்கு, நீ வாசிக்கேல்லை.

கலவரம் என்ன மூன்று மாதத்துக்கு முன்னம் சொல்லிப்போட்டா வரும்? எண்பத்திமூன்றில் அடுப்பில் இருந்த சோற்றை இறக்க நேரம் இருக்கேல்லை. கெலிஓயாவில் பாயிஸா அக்கா தன் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைக்கு நடுவில் எங்களை வைச்சிருந்தவ, உனக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே ஆர் என்று கேட்டு வந்தவங்களிடம், எலிதான் இருக்கு, பிடிச்சுத் தந்தால் புண்ணியம் என்று சொன்னவ. உன் ஹோட்டலில் என்ன நடக்கும் தெரியுமா? அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் அன்றைக்கே பெயரைப் பொலிசுக்கு அனுப்பவேணுமாம். இதை ஷிராஸ் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஒளிக்கப் போற இடமே ஆளைக் காட்டிக் குடுத்தால் அதுக்கு எதற்குக் காசு?

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எல்லாம் சொன்னன். அவ அதுக்கிடையில் மகள் ஹோட்டல் வாங்கிப்போட்டாள் என்று கோயிலில் சொல்லி, பாலாம்பிகை ரீச்சர் தன் மகளின் கலியாணத்துக்கு மண்டபம் குறைச்சுத் தருவியளோ என்று கேட்டுவிட்டிருக்கிறா. நான் சொன்ன நட்டக் கணக்கு ஒன்றையும் அம்மா காதில் வாங்கேல்லை. கையெழுத்து வைக்கப் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த நாலு இரவும் தர்மினி வந்து நிற்பாளோ என்று மட்டும் கேட்டா. இல்லை, அது நாங்கள் போய்த் தங்கிறதுக்கு என்றன். அப்ப எனக்கு என்னத்துக்கடாப்பா என்று பேனையை மூடி என்னிடம் தந்திட்டா. இவ்வளவு நாளும் நீ வரப்போறாய் என்று நினைச்சுத்தான் காணியை விற்கச் சம்மதிச்சிருக்கிறா.

ஆகையால் காணி விற்கிறேல்லை. நீ ஏற்கெனவே கட்டின முற்பணம் போனால் போகட்டும், மிச்சம் கட்டமாட்டன் என்று பதிவுத் தபாலில் எழுது. அந்தப் புள்ளி விற்கிற ஆள் ரெலிபோன் எடுத்தால் கதைக்காமல் வை, கதைச்சால் நீ கட்டிப்போடுவாய். கனடாப் பாஸ்போட் கிடைச்சும் ஒரு வருசமாச்சு, இனி இங்கே வந்துபோக உனக்குத் தடையில்லை. முருகன் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைச்சிருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
க. நவரட்ணராஜா

மகள், சித்தப்பா பார்த்த கணக்குச் சரியாய்த்தான் இருக்கும். நீ எப்ப வாறாய்?
அம்மா