மலையடிவாரம் பற்றிய ஒரு வரி

அண்ணை,

இன்று காலை லூயிஷாமிலிருந்து வந்த ரயில் பாதிவழியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் மழையில் தண்டவாளத்தின் ஓரத்து மண்மேடு சரிந்துவிட்டதாம். யாரோ ஜன்னலைத் திறந்ததும் ஈரமண் வாசனை பெட்டிக்குள் ஏறியது. வேலைக்குப் பிந்துகிறதென்று மற்றவர்கள் புறுபுறுத்தார்கள். எனக்கு உங்கள் நினைவு வந்தது.

எண்பதுகளின் கடைசியில் அந்த நில ஆய்வு அலுவலகத்தில் தமிழர் என்று நாம் இருவர்தான். நீங்கள் நிலவியலாளர், நான் உங்கள் அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்பவள். ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டு, ஏதோ வெப்பநாட்டு எரிமலைத் தீவை விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை, அவற்றை ஒன்றாக்கி மேடுபள்ளம் காட்டும் இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னீர்கள். தட்டையான படம் மலையாக எழுந்து நின்றது. அடிவாரத்தில் சின்னச் சின்னக் குன்றுகள். அவற்றின் நடுவே ஓர் ஊர், ஒரு பள்ளிக்கூடம்.

“வடிவான ஊர், அண்ணை.”

“அதுகள் குன்றில்லை, பிள்ளை. முந்தி ஒருக்கா மலை உடைஞ்சு வந்து விழுந்த துண்டுகள். உச்சியைப் பாரும், திரும்பவும் வெடிப்பு ஓடுது. மலை சரியிறதுக்கு எரிமலை வெடிக்கவே தேவையில்லை. பெருமழை ஒண்டு போதும்.”

அடிவாரத்துச் சனத்தை மழைக்கு முன் வேறிடம் மாற்ற வேண்டும் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினீர்கள். வீண் பயத்தைக் கிளப்பும், எடுத்துவிடு என்றார் மேலதிகாரி. என் விசாவுக்கான கடிதம் அவர் கையில் இருந்தது. எடுத்துவிட்டேன். அடுத்த வேலையில் மூழ்கியிருந்த நீங்கள் நான் நீட்டிய பிரதியில் கையெழுத்து வைத்தீர்கள்.

அந்த மழைக்காலத்தில் மலையின் ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து இறங்கியது. பாறையும் சேறும் ஊரை மூடிக்கொண்டு கடல்வரை போயின. புதிதாக வந்த படத்தில் பள்ளிக்கூடம் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறமாய்க் கிடந்தது.

அறிக்கையோடு என் மேசைக்கு வந்தீர்கள்.

“அந்த வரி எங்கை?”

“பெரியவர் எடுக்கச் சொன்னவர், அண்ணை.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

விசா என்று தொடங்கினேன். நீங்கள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தீர்கள்.

“கையெழுத்து என்ரை. வாசிக்காமல் வைச்சனான். நீர் மட்டுமில்லை, பிள்ளை.”

அடுத்த கிழமை வேலையை விட்டு, பார்க்கிங் என்ற புறநகரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் சேர்ந்தீர்கள். பல வருடம் கழித்து ஒருமுறை பார்க்க வந்தேன். தேநீரைக் கையில் தந்துவிட்டு, நான் கேளாமலே சொன்னீர்கள்: “பள்ளிக்கூட நேரம். மலை வாற சத்தம் அதுகளுக்குக் கேட்டிருக்குமோ எண்டுதான் யோசிக்கிறனான்.” இந்த மாசியில் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மனைவி தொலைபேசியில் சொன்னா. நான் முதலில் நினைத்தது அந்தக் கேள்வியைத்தான். இனி அது என்னிடம் மட்டும்.

இன்னும் தட்டச்சு வேலைதான் செய்கிறேன். யாராவது ஒரு வரியை எடுக்கச் சொன்னால், எழுதியவருக்குத் தெரியுமா என்று கேட்கிறேன். போன கிழமையும் கேட்டேன். மேலதிகாரி முகம் சுளித்தார். தாளை எடுத்துக்கொண்டு எழுதியவரிடம் நடந்துபோனேன். இருபது அடி இருக்கும், அண்ணை. உங்கள் மேசையும் அவ்வளவு தூரத்தில்தான் இருந்தது.