கை பாதியில் நின்ற அழைப்பு

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நெட் மட்டும் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லாமல் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடமாடுகிறது. நீங்கள் நலமாக இருப்பதாக கம்பெனி ஆபீசில் சொன்னார்கள் என்று உங்கள் தம்பி எழுதிக் காட்டினான். எண்ணெய்த் தொட்டியில் வெல்டிங் வேலை முடியும்வரை போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாமே. கடிதம் கொடுத்தால் சாப்பாட்டு வண்டியில் உள்ளே வந்து சேருமாம். கல்யாணம் பேசி முடித்த காலத்தில் எழுதியது. அதற்குப் பிறகு உங்களுக்குக் காகிதத்தில் எழுதுவது இப்போதுதான். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் சிரிக்காதீர்கள்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உள்ளே போவதற்கு முந்தைய சாயங்காலம் வீடியோவில் வந்து சொன்ன பதில் எனக்குக் கிடைக்கவில்லை. குட்டியைப் பற்றி யோசித்துவிட்டேன் என்றீர்கள். அதுவரை பார்த்தேன். அப்புறம் வலது கையைத் தூக்கினீர்கள், உள்ளங்கை தெரிந்தது, அதோடு படம் நின்றுவிட்டது. நானும் திரையைத் தட்டினேன், லேப்டாப்பை மூடித் திறந்தேன். திரும்ப இணைப்பு வந்தபோது நீங்கள் இல்லை. காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும். நமக்குக் கை நின்றால் பேச்சே நின்றது.

அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் ஆடியிருக்கும். வா என்றால் உங்கள் பக்கம் மடங்கியிருக்கும். பொறு என்றால் அப்படியே நிற்கும். நின்றுபோன படத்தில் எல்லாமே பொறு மாதிரிதானே தெரியும்? அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பொறுன்னுதான் சொல்றான், தெரியலையா?" என்றார். உதட்டில் படித்தேன். சாப்பாடு, தூக்கம், ஆஸ்பத்திரி இந்த மூன்றைத் தவிர நம் கைப்பேச்சில் ஒன்றும் தெரியாதவர், அன்றைக்கு மட்டும் பெரிய கெட்டிக்காரராகிவிட்டார்.

கேள்வி உங்களுக்கு மறந்திருக்காது. அங்கே வீடு கிடைத்ததும் நானும் குட்டியும் சேர்ந்து வருவதா, இல்லை நான் மட்டும் வந்துவிட்டு, குட்டி பேச்சுச் சத்தம் உள்ள வீட்டில் வளரட்டும் என்று அத்தையிடம் விடுவதா?

இனி நெட் விஷயம். நீங்கள் அங்கே வேலைக்குப் போகும்போது சிம் போட்ட விரல் நீள மோடத்தை லேப்டாப்பில் செருகிக் கொடுத்தீர்கள். அது எனக்கு மட்டும்தான் இருந்தது. அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் நகத்தில் இருக்கும் கரிகூடத் தெரியும். அப்புறம் உங்கள் தம்பி ஒரு ரவுட்டர் வாங்கி வந்தான். மோடத்தை அதன் முதுகில் செருகி, சிக்னல் வரும் அதே ஜன்னலில் வைத்து, "இனிமே வீடு பூரா வைஃபை, அண்ணி" என்றான். எனக்கும் சந்தோஷம்தான். தாளிக்கிற புகையில் தும்மிக்கொண்டு பேச வேண்டாம், கட்டிலில் உட்கார்ந்து பேசலாம் என்று. அன்றிலிருந்துதான் நீங்கள் விட்டு விட்டு வர ஆரம்பித்தீர்கள். மோடம் பழைய மோடம்தான், அதில் தொங்குகிறவர்கள்தான் கூடிப்போனார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. மழையைத் திட்டினேன், டவரைத் திட்டினேன்.

உறைக்க வைத்தது குட்டி. போன வாரம் அவளிடம் அப்பா எங்கே என்று கேட்டேன். அப்பா என்பதற்கு மீசையைத் தடவிக் காட்டுவாளே, அதைச் செய்யவில்லை. வலது கையைத் தூக்கி, கண் இமைக்காமல், வாயைக் கொஞ்சம் திறந்தபடி சிலை மாதிரி நின்றாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளும் அதையே செய்தாள். நீங்கள் நின்று நின்று வந்ததில், அதுதான் அப்பா என்று வைத்துக்கொண்டுவிட்டாள்.

என்னோடு படித்தவள், தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவள், அவளை வீடியோவில் கூப்பிட்டேன். ஒன்று இரண்டு என்று கையில் எண்ணிக்கொண்டே இரு, நிறுத்தாதே என்றேன். லேப்டாப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். உங்கள் தம்பி கூடத்தில் போனில் துப்பாக்கி விளையாட்டில் இருந்தான். என் சிநேகிதி எண்ணிக்கொண்டே வந்தாள். அத்தையின் அறைக்கதவு மூடியிருந்தது. அதன் பக்கத்தில் போனபோது அவள் விரல் பாதி மடங்கி நின்றுவிட்டது. கதவைத் திறந்தேன். அத்தை மடியில் குட்டி. எதிரே டேப்லெட்டில் அப்போதுதான் தொடங்கிய வீடியோவில் ஒரு பெண் வாயை அகல அகலத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். குட்டியும் அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தாள். கிளி, பூனை, வண்டி என்று ஒவ்வொரு படமாக வந்தது.

தினமும் நாம் பேசுகிற நேரம் அதுதான். குட்டி உங்களுக்குக் கையசைத்ததும் அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு போவார். இங்கே நம் கை நின்ற நேரத்தில் அவள் அங்கே ஒரு சொல் கற்றுக்கொண்டிருக்கிறாள். வேண்டுமென்றே அந்த நேரத்தை அத்தை வைத்துக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

ஆனால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வீடு இரண்டு பட்டது. உங்கள் தம்பி பல் துலக்கியபடியே வந்து நுரையோடு பேசினால் நான் எந்த உதட்டைப் படிப்பது? கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தையல்கடை அம்மா வாசலில் நின்று, "இன்னைக்கு நெட் வரலையே, என்னாச்சு?" என்றார். அத்தை தாராள மனசோடு அங்கேயும் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவர் பேசவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு பொழுது ஆயிற்று. சொன்னால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அப்புறம் அவரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். உங்களுக்கு அது தெரிய வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன். "அவன் சின்னப்புள்ளையா இருந்தப்ப ரோட்டுல வண்டி வந்துச்சு. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் திரும்பவே இல்ல. யாரோ ஒரு புண்ணியவான் இழுத்து விட்டான். இவளுக்குக் காது இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசாத வீட்டுல அது வீணாப் போயிடக் கூடாது."

அதைப் படித்த பிறகு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. அவர் பயம் பொய்யில்லை. அதன் கீழேயே எழுதினேன்: "அவ நல்லாப் பேசட்டும் அத்தை, காலையில எவ்வளவு வேணா பாக்கட்டும். ஆனா அவ அப்பா பேசுற பேச்சும் அவளுக்குப் புரியணும். சாயங்காலம் அந்த நேரம் எனக்கு வேணும்." அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாளை மடித்துக்கொண்டு போனார்.

உங்கள் தம்பி அதற்குள் சமாதானமாகிவிட்டான். ரவுட்டரில் ஏதோ மாற்றி, என் லேப்டாப்புக்குத்தான் முதல் வழி விடும்படி செய்திருக்கிறான். புதுப் பாஸ்வேர்டு அவனுக்கும் அத்தைக்கும் மட்டும். தையல்கடை அம்மாவிடம், மோடம் சின்னது, தாங்கவில்லை என்று அவனே போய்ச் சொல்லிவிட்டான். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். என் ரவிக்கை ஒன்று அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது.

நேற்று சாயங்காலம் சோதித்துப் பார்த்தோம். என் சிநேகிதி வீடியோவில் வந்தாள். குட்டி என் மடியில் உட்கார்ந்து, ஓணான் குளியலறைக்குள் வந்ததையும், சித்தப்பா நாற்காலி மேல் ஏறி நின்றதையும் கை ஓயாமல் சொன்னாள். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இவளுக்கு அப்படியே அவள் அப்பாவின் கை என்றாள் சிநேகிதி. அத்தை கதவோரம் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஓணான் என்றால் எந்தக் குறி என்று போகும்போது தம்பியிடம் கேட்டாராம். அவனுக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டாம். எழுத்தில் நீங்கள் எல்லோருக்கும் பொதுவாக, மரியாதையாக எழுதிவிடுவீர்கள். யாராவது சொன்னதால் இப்படிச் சொல்கிறீர்களா, மனசில் இல்லாமல் சொல்கிறீர்களா என்று எனக்கு அதில் பிடிபடாது. என் பதிலை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அவளை விட்டுவிட்டு நான் வரமாட்டேன். வா என்றால் இருவரும் வருவோம். பொறு என்றால் இருவரும் பொறுப்போம். மூன்றாவதாக ஏதாவது சொல்லியிருந்தால், வேலை முடிந்து போன் கைக்கு வந்ததும் நல்ல வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து உட்காருங்கள். குட்டி என் மடியில் இருப்பாள். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். முகக்கவசம் போடாமல் நெருப்பு பற்றவைக்காதீர்கள். கையுறை கிழிந்திருந்தால் வெட்கப்படாமல் புதிது கேட்டு வாங்குங்கள். உங்கள் கண்ணும் கையும் எங்களுக்குப் பத்திரமாக வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்களை எதிர்பார்த்திருக்கும்
குட்டியின் அம்மா