குடை என்ற தலைப்புக்குப் பதினேழு யோசனைகள்

தங்கை சுன்ரேவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெண்களுக்கான கட்டுரைப் போட்டிக்கு உன் அக்கா மூன்று கட்டுரைகளை மனப்பாடம் செய்தாள். தலைப்பை அந்த இடத்தில்தான் சொல்வார்கள், அதுதான் போட்டியே. ஆனால் வருஷா வருஷம் அம்மா, மழை, இலையுதிர்காலம் என்று அதே மூன்றுதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஐம்பத்து மூன்று வயதில், என் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே ஒப்பித்ததில் வாடிக்கைக்காரரின் இரண்டு சட்டைகள் கருகின. துணி மட்டம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

நீ சுகமா? ஜெஜு தீவில் காற்று எப்படி? மூட்டுவலி? நான்கு வருஷக் கேள்விகளை ஒரே மூச்சில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஏரிக்கரைப் பூங்காவில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்ததும், சுருட்டிய தாளைப் பிரித்து ‘குடை’ என்றார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மழைக் கட்டுரையில் நாலு இடத்தில் குடையைச் செருகினால் வேலை முடிந்தது. முதல் பரிசு கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டி. சமையலறையில் இடம்கூட அளந்தாயிற்று.

செருகக் குடைகள் வேண்டுமே! மதியத்துக்குக் கொண்டுபோன கிம்பாப் சோற்றுருளை சுற்றி வந்த காகிதத்தில் தோன்றியதையெல்லாம் கிறுக்கினேன். என் வீட்டுக்காரர் பேருந்தில் தொலைத்த ஏழு குடைகள். அழகுக்காகக் கண் இமையைத் தைத்துக்கொண்ட பல் டாக்டர் மனைவி, மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் குடைக்குள் ஒளிந்து மீன் வாங்கியது. (எழுத முடியாது. மூன்றாவது பாயில் அவளேதான் உட்கார்ந்திருந்தாள்.) பள்ளிக்கூடம் விட்டு ஒரே குடையில் வருவோமே, உன் இடது தோளும் என் வலது தோளும் நனையும். அப்புறம் நீ குடைக் கம்பியால் என் கண்ணைக் குத்தியது. அப்புறமும் நீ. எழுந்தேன், உட்கார்ந்தேன், இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தேன். பென்சிலின் முக்கால்வாசி என் வயிற்றில்.

பதினேழு யோசனை. பதினொன்றில் நீ.

என் கடைக்குப் பக்கத்தில் இரண்டு வருஷமாக மீன் விற்கும் போங்சில் என்பவள் எட்டிப் பார்த்துவிட்டாள். “ஏண்டி பில்நாம், யாருடி இந்தத் தங்கச்சி? கூடப் பொறந்தவங்க யாருமே இல்லன்னு சத்தியம் பண்ணினியே!” என்றாள். ஒருக்களித்துப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். ஆமாம் சுன்ரே, அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

பதினேழாவது யோசனை, அம்மாவைத் தகனம் செய்த அன்று. “தீவுல உக்காந்துக்கிட்டுப் பாசம் காட்டாதே” என்று நான் கத்தினேன். நீ அம்மாவின் குடையை என் கையில் திணித்துவிட்டு, பேருந்து நிலையம்வரை நனைந்துகொண்டே போனாய். நான் குடைக்கடியில் காய்ந்து நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான்.

அதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன். மழைக் கட்டுரையின் முதல் வரி மறந்து போயிற்று.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை கிம்ச்சி போடுகிறேன். நாற்பது கோஸ். உப்பு எவ்வளவு என்று அம்மா உனக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். என்னுடையதை நாலு வருஷமாக வீட்டுக்காரர் கண்ணீரோடு விழுங்குகிறார். அம்மாவின் குடை செருப்பு அலமாரியில் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு விரிக்கவில்லை.

உன் மூட்டு நோகாதிருக்கட்டும். நீ வந்து இறங்கும் நாளில் நல்ல மழை பெய்யட்டும்.

உன் அக்கா
பில்நாம்

பின்குறிப்பு: இந்தத் தாளின் மூலையில் சிவப்பு முத்திரை இருக்கும், பயந்துவிடாதே. போட்டிக்காரர்கள் கொடுத்த தாள். ஆளுக்கு ஒன்றுதான், மணியடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது.