கார்டு யார் கையில்?

மே 3, சனி

காலையிலேயே அனல். வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸில் நின்றபடியே. முட்டி வலி.

ஷூ கம்பெனி கேன்டீனில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் பண நிர்வாக வகுப்பு, இது மூன்றாவது வாரம். தையல் பிரிவுப் பெண்கள் பதினெட்டுப் பேர், எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள். பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. எனக்கும்தான். சேமிப்பு, வட்டி, பட்ஜெட். ஆறு வருடமாக அதே அட்டைகள், அதே உண்டியல் படம். என் குரல் எனக்கே அலுத்துவிட்டது.

அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். தன்னிடம்தான் என்றவர்கள் நான்கே பேர். மற்றவர்களுக்கு அப்பா, அண்ணன். ஒருத்திக்கு மாமியார்.

திவ்யா, பத்தொன்பது வயது. கார்டு அப்பாவிடம். அவருக்கு ஒரு தோல் கம்பெனியில் வேலை. அவர் சம்பளத்தில் வீடு ஓடுகிறது, இவளுடையது அப்படியே பேங்கில் சேர்கிறதாம். ஒன்றரை வருடச் சம்பளம். நர்ஸிங் சேர அது போதுமா என்று கேட்டாள். முதலில் பாஸ்புக்கைப் பதிந்து பார்க்கச் சொன்னேன்.

மே 5, திங்கள்

குழாயில் தண்ணீர் இல்லை, இரண்டாம் நாள். துணி ஊறியபடியே கிடக்கிறது.

மதியம் திவ்யா போன். சாப்பாட்டு இடைவேளையில் பேங்குக்கு ஓடியிருக்கிறாள். இருப்பு இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அழவில்லை. "எல்லா மாசமும் எட்டாந்தேதி எடுத்திருக்கு மேடம். மொத்தமா" என்றாள்.

பழைய கார்டை முடக்க எழுதிக் கொடு, புதியது வாங்கு, பின் நம்பரை யாரிடமும் சொல்லாதே என்றேன். புத்தகத்தில் இருப்பதுதான். நான்கு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

மே 7, புதன்

செய்துவிட்டாள். புதிய கார்டை பேங்கிலேயே கொடுத்துவிட்டார்களாம். அப்பாவிடம் எதுவும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

எங்கள் ஆபீஸ் சாரிடம் சொன்னேன். குடும்ப விஷயத்தில் தலையிட வேண்டாம், வருகைப் பதிவேடு சரியாக வந்தால் போதும் என்றார். சரி சார் என்றேன். விஷயம் தெரிந்து அவள் அப்பா அவளை அடித்தால்?

மே 10, சனி

கேட் வாசலில் ஒருவர் காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, கையில் டிபன் தூக்கு. திவ்யாவின் அப்பா என்றார், சனிக்கிழமை வகுப்பைப் பற்றி மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாளாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சட்டம், உரிமை எல்லாம்.

"எம்பொண்ணுக்கு இன்னா மேடம் சொல்லிக்குடுத்தீங்க?" என்றார். சத்தமே இல்லை.

அவளுடைய பணம் அவளுடையது என்று சொல்லிக் கொடுத்தேன் என்றேன்.

தலையாட்டினார். பிறகு சொன்னார். இவள் வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே அவரைத் தோல் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். ஆர்டர் கம்மி. வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் ஏழு மணிக்குத் தூக்குடன் கிளம்புகிறார். லோடு ஏற்றும் வேலை கிடைத்தால் போவார், இல்லாவிட்டால் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு. மாலையில் வீடு.

"அவ சம்பளத்த எடுத்து, என் சம்பளம்னு வீட்ல குடுத்தேன். நான் குடிக்கல மேடம். ஒரு ரூபா நான் வெச்சுக்கல."

எட்டாம் தேதி மிஷினில் கார்டைப் போட்டிருக்கிறார். வேலை செய்யவில்லை. பின்னால் வரிசை. யாரோ, 'தள்ளுப்பா' என்றிருக்கிறார்கள்.

மகளிடம் சொல்லி அந்தக் கார்டை வாங்கித் தர வேண்டும், காரணம் மட்டும் சொல்லக் கூடாது என்று கேட்டார். என் ஒத்திகையில் இதற்கு வசனம் இல்லை. அவர் விரல்களில் வெடிப்பு, நகம் ஓரமெல்லாம் கறுத்துப்போய். வேறெங்கும் பார்க்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன். கார்டும் கேக்கமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னா அப்புறம் அப்பான்னு பாப்பாளா?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. வகுப்பில் அன்று கூட்டுவட்டி. கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

மே 13, செவ்வாய்

தண்ணீர் வந்தது. துணி நாற்றமெடுத்து, மறுபடி துவைத்தேன். திவ்யாவிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. பயம்.

மே 17, சனி

திவ்யா வந்திருந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சொல்லிவிட்டாராம். அம்மா ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. இவளுக்குக் கோபம், இன்னும் தீரவில்லை. பணம் போனதற்கு இல்லையாம். "ஒன்னர வருஷம் ஸ்டேஷன்ல உக்காந்திருந்திருக்காரு மேடம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

கார்டு இனி அவளிடம். சம்பளத்தில் பெரும்பங்கு வீட்டுக்கு, அவள் கையாலேயே. மீதி கொஞ்சம் அவளுக்கு. நர்ஸிங் இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் சந்தேகம். இங்கே பேக்கிங்கில் ஆள் எடுக்கிறார்களாம். அப்பாவுக்கு ஃபார்ம் வாங்கிப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறாள். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மகள் வேலை செய்யும் இடமாயிற்றே, யோசிக்கிறார்.

நான் சொல்லிக் கொடுத்தது நல்லதா, கெட்டதா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மே 19, திங்கள்

ஆபீஸிலிருந்து படிவம். வகுப்பு முடிவறிக்கை. கடைசிக் கட்டம்: 'வெற்றிக்கதை ஒன்று, புகைப்படத்துடன்.' சார் இரண்டு முறை போன் செய்தார். அந்தத் திவ்யாப் பொண்ணு கதை நன்றாக இருக்குமே என்றார்.

திவ்யாவைக் கேட்டேன். "என்னப் பத்தி எழுதிக்கோங்க மேடம். அப்பா வேணாம்" என்றாள்.

அப்பா இல்லாமல் அதில் கதை ஏது? அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.